பிளேடை ஆட்டோவில் (தானியங்கி முறையில்) போட்டால் தகராறா? அறிகுறியிலிருந்து பிழைக்குப் போகும் வழி

"ஆட்டோ சரியா வேலை செய்யலை, வந்து பாருங்க." மண்ணை மட்டம் செய்யும் கிரேடரிலும் மண்ணைத் தள்ளும் டோசரிலும், பிளேடைத் தானாக ஏற்றி இறக்கும் கருவி மாட்டியிருக்கும் சைட்டிலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நின்றுவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கிளம்பும் முன்பே மூன்று கேள்வி கேட்டுவிடுவேன். தப்பு ஒரே இடத்தில் வருகிறதா? ஒரே நேரத்தில் வருகிறதா? ஒரே மெஷினில் மட்டும் வருகிறதா?

இடத்தோடு ஒட்டிக்கொண்ட தப்பு என்றால் டிசைன் கோப்பு, மறைக்கிற மரம், கட்டடம், லேசர் நிற்கும் தூரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காலையில் நன்றாக ஓடி மதியம் கெடுகிறது என்றால் ஆயில் சூடு, வெயில், செயற்கைக்கோள். பக்கத்து மெஷின் ஒழுங்காக ஓட, இது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் சந்தேகம் இரும்பின் மேலும் வயரின் மேலும் போக வேண்டும். ஸ்க்ரீனைத் தொடும் ஆசை எல்லோருக்கும் வரும். தேய்ந்த பின்னையும் தளர்ந்த போல்டையும் ஸ்க்ரீனில் இருந்து சரிசெய்ய முடியாது என்பதுதான் சிக்கல்.

கருவி எந்தக் கம்பெனியுடையதானாலும் உள்ளே ஓடுவது ஒரே சுற்று. சென்சார் பிளேடின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. கன்ட்ரோலர் அதை, இருக்க வேண்டிய உயரத்தோடு ஒப்பிடுகிறது. வித்தியாசத்துக்கு ஏற்ப வால்வுக்கு மின்சாரம் போகிறது. சிலிண்டர் நகர்கிறது, சென்சார் மறுபடி பார்க்கிறது. கண்ணாக இருப்பது லேசர் ரிசீவரோ, ஒலி சென்சாரோ, சாய்வு சென்சாரோ, ஜிபிஎஸ்ஸோ, டோட்டல் ஸ்டேஷனோ (தூரமும் கோணமும் அளக்கும் சர்வே கருவி), எதுவானாலும் இந்தச் சுற்று மாறாது. பிழை தேடுவது என்றால் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று பார்ப்பதுதான்.

எதற்கும் முன்னால் ஆட்டோவை அணைத்துவிட்டு அதே தரையில் 20, 30 மீட்டர் மேனுவலில் ஓட்டிப் பாருங்கள். பிளேடைத் தூக்கி நிறுத்தி லீவரை விட்டுவிடுங்கள். தானாக இறங்குகிறதா? ஒரு பக்கம் மட்டும் இறங்குகிறதா? அப்படியானால் சிலிண்டர் சீல் அல்லது லாக் வால்வு கசிகிறது. லீவரில் மந்தமாக இருக்கும் பிளேடு ஆட்டோவிலும் மந்தமாகத்தான் இருக்கும். அது மெக்கானிக் வேலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் பிளேடுக்குக் கீழே கையோ காலோ அளவு நாடாவோ வைக்கக் கூடாது. ரிசீவரைக் கையால் மறைத்தாலும், போன சிக்னல் திரும்பி வந்தாலும் பிளேடு சட்டென்று நகரும். அளக்க வேண்டுமானால் பிளேடு தரையில் இருக்க வேண்டும், ஆட்டோ அணைந்திருக்க வேண்டும், இன்ஜின் நின்றிருக்க வேண்டும்.

பிளேடு ஓயாமல் மேலும் கீழும் ஆடுகிறது

அடிக்கடி வரும் புகார், தவறாக வைத்தியம் பார்க்கப்படும் புகாரும் இதுதான். ஆட்டம் தெரிந்தவுடன் செட்டிங்கில் போய் கெயினை, அதாவது பிழைக்குப் பிளேடு எவ்வளவு வேகமாகப் பதில் தர வேண்டும் என்ற எண்ணைக் குறைப்பார்கள். ஆட்டம் அடங்கும். கூடவே பிளேடு சோம்பேறியாகிவிடும். மேட்டைக் கண்டால் தாமதமாக இறங்கும், பள்ளத்தைத் தாண்டிய பிறகு ஏறும். நோய் அப்படியே இருக்க, வலி மட்டும் தெரியாமல் போயிருக்கும்.

முதலில் மெஷினை மட்டமான தரையில் நிறுத்துங்கள். இன்ஜினை வேலை வேகத்தில் வைத்து, பிளேடைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி ஆட்டோவைப் போடுங்கள். நின்ற இடத்திலேயே ஆடினால் காரணம் வால்வு, ஆயில், கெயின், டெட்பேண்டு (கருவி கண்டுகொள்ளாமல் விடும் சிறு பிழை அளவு) இவற்றுக்குள் இருக்கிறது. நிற்கும்போது அமைதி, ஓடும்போது ஆட்டம் என்றால் மாஸ்ட் (பிளேடின் மேல் சென்சாரைத் தாங்கி நிற்கும் கம்பம்), மூட்டுப் பின், வேகம்.

ஓடும்போது வரும் ஆட்டத்துக்கு மாஸ்ட்டின் உச்சியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அடியில் உள்ள கிளாம்ப் நூலளவு விட்டிருந்தாலும் 3 மீட்டர் உயரத்தில் அது விரலளவு அசைவாகிவிடும். கன்ட்ரோலர் பிளேடைத் தூக்கும். மாஸ்ட் உச்சி ஒரு கணம் பின்தங்கி, அப்புறம் துள்ளும். ரிசீவர் "எல்லையைத் தாண்டிவிட்டது" என்று சொல்லும். உடனே இறக்கு என்று உத்தரவு போகும். மறுபடி துள்ளல். வால்வும் கன்ட்ரோலரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கும். ஒரு டோசரில் அரை நாள் முழுக்க வால்வை இரண்டு தடவை கலிபரேட் செய்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நிழலுக்காக மாஸ்ட்டில் சாய்ந்தபோதுதான் அது என்னோடு சேர்ந்து சாய்ந்தது. இரண்டு போல்ட், ஐந்து நிமிட வேலை. அன்றிலிருந்து முதலில் மாஸ்ட்டை அசைப்பது வழக்கமாகிவிட்டது.

மாஸ்ட் கெட்டியாக இருந்தால் அடுத்து பின்னும் புஷ்ஷும். பிளேடு மூட்டுகளில் லொடலொடப்பு இருந்தால் சிலிண்டர் நகர ஆரம்பித்து, அந்த இடைவெளி நிரம்பிய பிறகுதான் பிளேடு நகரும். அந்தத் தாமதத்துக்குள் கன்ட்ரோலர் கூடுதலாக உத்தரவு கொடுத்து முடித்திருக்கும். கிரேடரில் பிளேடைத் திருப்பும் வளையத்தைத் தாங்கும் சர்க்கிள் ஷூ, அந்த வளையத்தை வண்டியின் முன்பக்கத்தோடு இணைக்கும் டிராபாரின் பந்து மூட்டு, மோல்டுபோர்டு (பிளேடு) பக்கவாட்டில் நகரும் ரயில் இவை மூன்றும் முக்கியம். இவற்றைச் சரிசெய்யாமல் எந்த எண்ணை மாற்றினாலும் பயன் இருக்காது.

நின்ற இடத்திலேயே ஆடினால் கலிபரேஷனுக்கு வாருங்கள். வால்வு எவ்வளவு மின்சாரத்தில் திறக்க ஆரம்பிக்கிறது என்பதைக் கன்ட்ரோலர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏற ஒரு எண், இறங்க ஒரு எண். இறங்கும்போது பிளேடின் எடையும் துணைக்கு வருவதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. இந்த அளவை ஆயில் ஆறியிருக்கும் காலை நேரத்தில் எடுத்தால் என்ன ஆகும்? குளிர்ந்த ஆயில் கெட்டி. பிளேடை நகர்த்த அதிக மின்சாரம் வேண்டும் என்று கன்ட்ரோலர் பாடம் படித்துக்கொள்ளும். பத்து, பதினொரு மணிக்கு ஆயில் இளகிய பிறகும் அதே மின்சாரத்தைக் கொடுக்கும். பிளேடு பாயும். "காலையில நல்லா இருந்துச்சு, வெயில் ஏறினதும் ஆட ஆரம்பிச்சுது" என்று ஆபரேட்டர் சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். மெஷினை நன்றாக ஓட்டி, ஆயில் வேலைச் சூட்டுக்கு வந்த பிறகு, கையேடு சொல்லும் இன்ஜின் வேகத்தில், பிளேடைத் தரையிலிருந்து தூக்கி வைத்து வால்வு கலிபரேஷனைத் திரும்பச் செய்யுங்கள்.

இவ்வளவும் சரி என்ற பிறகுதான் கெயின். ஆட்டம் நிற்கும் வரை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். இரண்டு படிக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் இன்னும் ஏதோ இரும்புக் கோளாறு பாக்கி இருக்கிறது. டேங்க் ஆயிலில் நுரை தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. உறிஞ்சும் பக்க ஹோஸைப் பாருங்கள்.

ஸ்க்ரீன் அமைதி, தரையில் அலை அலையாக வரி

தரை துணி துவைக்கும் கல்லைப் போல வரி வரியாக இருக்கும், ஸ்க்ரீனில் எண் பச்சையாகவே ஓடும். இதில் முதல் குற்றவாளி வேகம். லேசர் தலை நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் ரிசீவரில் கதிர் விநாடிக்கு 10 தடவைதான் படும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் மெஷின் விநாடிக்கு 1.4 மீட்டர் போகிறது. அதாவது ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே 14 செ.மீ. குருட்டு ஓட்டம். விநாடிக்கு 10 தடவை கணக்கிடும் ஜிபிஎஸ்ஸுக்கும் இதே கணக்கு. வேகத்தைப் பாதியாக்கினால் 7 செ.மீ. விநாடிக்கு 100 தடவை அசைவை அளக்கும் கைரோ சென்சார்களைப் பிளேடிலும் வண்டியிலும் பொருத்த ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம்; அவற்றில் இந்த இடைவெளி 1.4 செ.மீ. ஆகிவிடுகிறது. ஆக, பழைய கருவி என்றால் முதல் மருந்து கியரைக் குறைப்பது.

டோசரில் இன்னொரு சிக்கல். பிளேடு விட்டுச்சென்ற சிறு மேட்டில் சங்கிலித் தடம் ஏறும்போது மூக்கு தூக்கும், பிளேடும் தூக்கும். அடுத்த மேடு பிறக்கும். அலைகளின் இடைவெளியை அடியளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பிளேடுக்கும் தடத்தின் முன்பகுதிக்கும் உள்ள தூரமாக இருந்தால் மெஷின் தன் வாலைத் தானே துரத்துகிறது. பழைய வரிகளுக்கு நேராக ஓட்டாமல் சற்றுக் கோணலாக ஒரு நடை வெட்டிவிட்டால் சுழற்சி உடையும். கிரேடரில் குதியாட்டம் இருந்தால் டயர் காற்றைப் பாருங்கள். ஆறு டயரும் ஒரே அழுத்தத்தில் இல்லாத கிரேடரை எந்த எலக்ட்ரானிக்ஸும் அடக்காது.

ஸ்க்ரீன் சரி என்கிறது, தரை எங்கும் ஒரே அளவு தப்பு

எல்லா இடத்திலும் 12 மி.மீ. உயரம் என்றால் மகிழ்ச்சி அடையுங்கள். இதைப் பிடிப்பது சுலபம். பிளேடின் அடியில் மாட்டிய கட்டிங் எட்ஜ் தேய்ந்திருக்கும். சென்சார் பார்ப்பது மாஸ்ட்டின் உச்சியை. விளிம்பு அதிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் கீழே என்று ஒரு எண்ணை நம்பிக்கொண்டிருக்கிறது. எட்ஜ் 10 மி.மீ. தேய்ந்தால் உண்மையான விளிம்பு கருவி நினைப்பதைவிட 10 மி.மீ. மேலே நிற்கும். தரையும் 10 மி.மீ. உயரமாகவே முடியும். புது எட்ஜ் மாட்டிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் நேர் எதிராக, அவ்வளவும் ஆழமாக வெட்டும். அதைத் திரும்ப நிரப்பி உருட்டுவது பெரிய தண்டனை.

எட்ஜின் நடுவும் ஓரமும் ஒன்றுபோலத் தேய்வதில்லை. அதனால் இரண்டு முனையிலும் அளக்க வேண்டும். மாஸ்ட்டே இல்லாத மெஷின்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2013இல் கோமாட்சுவின் டி61ஐ டோசர் மாஸ்ட்டைக் கழற்றிவிட்டு, ஆண்டெனாவைக் கேபின் கூரையில் வைத்து, சிலிண்டர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அளந்து பிளேடின் இடத்தைக் கணக்கிடும் முறையோடு வந்தது. அப்படிப்பட்ட மெஷினிலும் விளிம்பு எங்கே முடிகிறது என்று கருவிக்கு யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாஸ்ட் உள்ள மெஷினில் பிளேடின் முன்சாய்வை மாற்றினால் மாஸ்ட்டும் சாயும். 3 மீட்டர் மாஸ்ட் 5 டிகிரி சாய்ந்தால் உச்சி 11 மி.மீ. தாழும், 10 டிகிரிக்கு 46 மி.மீ. கோணம் இரட்டிப்பு, தப்பு நான்கு மடங்கு. கூடவே உச்சி அரை மீட்டர் முன்னே போய்விடும். சாய்வை அளக்கும் சென்சார் இல்லாத கருவியில், மட்டம் பிடித்த பிறகு பிளேடின் முன்சாய்வைத் தொடவே கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒரு மாஸ்ட் உள்ள ஜிபிஎஸ் கருவிகளில் ராத்திரி திருட்டுப் பயத்துக்காக ஆண்டெனாவைக் கழற்றி வைப்பார்கள். காலையில் இடது வலது மாறிவிட்டால் ஸ்க்ரீனில் பிளேடு தலைகீழாகத் திரும்பி நிற்கும், உடனே தெரிந்துவிடும். மாஸ்ட்டை வேறு துளையில் செருகிவிட்டால் அப்படித் தெரியாது, தரைதான் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. தளர்ந்த மண்ணை நிரப்பிப் பரப்பிய இடத்தில் உருளை ஓட்டிய பிறகு அளந்துவிட்டு "20 மி.மீ. தாழ்வு" என்று ஆட்டோ மேல் பழி போடுவார்கள். மண் அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பிளேடு விட்டுச்சென்ற உடனே, உறுதியான வெட்டுத் தரையில் அளப்பதுதான் நியாயமான சோதனை.

ஒரு முனை சரி, மறுமுனை தப்பு

கிரேடரில் குறுக்குச் சரிவு கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு இது பழகிய தலைவலி. பிளேடு வண்டிக்கு நேர்குறுக்காக இருந்தால் பிளேடின் சாய்வும் சாலையின் குறுக்குச் சரிவும் ஒன்றே. பிளேடைக் கோணலாகத் திருப்பிய கணத்தில் சாலையின் நீளவாக்குச் சரிவும் பிளேடில் கலந்துவிடும். குறுக்குச் சரிவு 2%, சாலை ஏற்றம் 4%, பிளேடு 30 டிகிரி கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து பிளேடு 3.7% சாய்ந்தோ, கிட்டத்தட்ட மட்டமாகவோ நின்றால்தான் தரையில் 2% வரும். ஆகவே கருவிக்கு மூன்று சென்சாரும் வேண்டும்: பிளேடு சாய்வு, வண்டியின் முன்பின் சாய்வு, பிளேடு திரும்பிய கோணம்.

இப்போது கோண சென்சார் 30 டிகிரியை 35 என்று படித்தால்? அதே உதாரணத்தில், எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து, குறுக்குச் சரிவு சுமார் 0.23% அல்லது 0.45% பிசகும். 3.66 மீட்டர் பிளேடு 30 டிகிரி கோணலில் மூடும் அகலத்துக்கு அது 7 அல்லது 14 மி.மீ. சமதரையில் இந்தத் தப்பு அவ்வளவாக வெளியே தெரியாது. ஏற்றத்திலும் இறக்கத்திலும்தான் தலைகாட்டும். "மேட்டுல போகும்போது மட்டும் தப்பு" என்று யாராவது சொன்னால் கோண சென்சாரையும் முன்பின் சாய்வு சென்சாரையும் சந்தேகப்படுங்கள். சமதரையிலும் தப்பு என்றால் பிளேடு சாய்வு சென்சார்.

பிளேடு சென்சாரைச் சோதிக்க ரசமட்டம் கூட வேண்டாம். கெட்டியான தரையில் பிளேடை நேர்குறுக்காக வைத்து, விளிம்பு மெல்லத் தொடும்படி இறக்கி, இரண்டு முனையிலும் சாக்கட்டியால் குறி போடுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளேடைத் தூக்கி, மெஷினைத் திருப்பி எதிர்த்திசையிலிருந்து வந்து, அதே குறிகளில் முனை மாறி உட்காரும்படி இறக்குங்கள். முதலில் +1.2%, இப்போது −0.8% வந்தால் தரையின் உண்மையான சரிவு 1.0%, சென்சாரின் தப்பு +0.2%. இரண்டு எண்ணையும் குறியோடு கூட்டிப் பாதியாக்கினால் தப்பு கிடைத்துவிடும். சென்சார் ஒழுங்காக இருந்தால் இரண்டும் ஒரே எண்ணாக, குறி மட்டும் மாறி வரும். முன்பின் சென்சாருக்கும் இதே வித்தைதான். வண்டியின் சக்கரங்கள் அதே தடத்தில் நிற்க வேண்டும்.

வளைவில் மட்டும் சரிவு கெடுகிறதா? சாதாரண சாய்வு சென்சாருக்குப் புவியீர்ப்பும் வளைவின் தள்ளலும் ஒன்றுபோலத்தான் தெரியும். 30 மீட்டர் ஆர வளைவை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் எடுத்தால் அது 2.6% சாய்வு என்று நம்பிவிடும். 5 கி.மீ. என்றால் 0.66%தான். சென்சாரை மாற்றச் சொல்வதற்கு முன் மெதுவாக ஒரு நடை போய்ப் பாருங்கள்.

லேசர்: கிட்டத்தில் சரி, தூரத்தில் தப்பு

தூரம் கூடக் கூடத் தப்பும் கூடினால், கதிரைச் சுற்றி வீசும் டிரான்ஸ்மிட்டரின் மட்டம் போயிருக்கிறது. 10 விநாடிக் கோணப் பிழை (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஒரு விநாடி) 100 மீட்டரில் 5 மி.மீ. சோதனை எளிது. 60 மீட்டர் தள்ளி ஸ்டாஃப் (உயரம் படிக்கும் அளவுகோல்) வைத்து உயரம் படியுங்கள். டிரான்ஸ்மிட்டரை அதே ஸ்டாண்டில் 180 டிகிரி திருப்பி, மறுபடி மட்டமாக விட்டு, படியுங்கள். வித்தியாசத்தில் பாதிதான் அந்தத் தூரத்துக்கான பிழை. 6 மி.மீ. வித்தியாசம் வந்தால் 60 மீட்டரில் 3 மி.மீ. தப்பு. 90 டிகிரி திருப்பி அடுத்த அச்சுக்கும் செய்யுங்கள். வேனின் ஏசியிலிருந்து எடுத்த கையோடு வெயிலில் வைத்துச் சோதிக்காதீர்கள். வெளிச் சூட்டுக்குப் பழகட்டும்.

சரிவு லேசரில் அதிகம் பேர் ஏமாறுவது திசையில். 1% சரிவு போட்ட டிரான்ஸ்மிட்டரை 5 டிகிரி தப்பாகத் திருப்பி வைத்தால், சரிவின் நீளவாக்கில் 100 மீட்டருக்கு 4 மி.மீ.தான் வித்தியாசம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பக்கவாட்டில் 100 மீட்டருக்கு 87 மி.மீ. தளம் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

300 மீட்டருக்கு அப்பால் வேலை செய்தால் பூமியின் வளைவே 7 மி.மீ. தின்றுவிடும். 100 மீட்டரில் அது 1 மி.மீ.க்கும் குறைவு. உச்சி வெயிலில் தரையை ஒட்டிக் கானல் அலையடித்தால் கதிரும் ஆடும். தூரத்தைக் குறையுங்கள், அல்லது டிரான்ஸ்மிட்டரை உயர்த்துங்கள்.

பிளேடு திடீரென ஒரு குத்து குத்திவிட்டுத் திரும்பினால் பிரதிபலிப்பு. நிறுத்தி வைத்த லாரியின் கண்ணாடி போதும். அதே சைட்டில் இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஸ்டாண்டின் ஒரு கால் மண்ணில் இறங்கியிருக்கும்.

ஒலி சென்சார் அலைகிறது

உயரத்துக்குக் கட்டிய நூலையோ சாலையின் விளிம்பையோ பார்த்து ஓடும் ஒலி சென்சார், ஒலி போய்த் திரும்பும் நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது. காற்று சூடாக ஆக ஒலி வேகமாகப் போகும். 10 டிகிரி மாறினால் 60 செ.மீ. தூரத்தில் சுமார் 10 மி.மீ. பிசகு. இதைச் சரிக்கட்டத்தான் பல சென்சார்களுக்குக் கீழே ஒரு கம்பி வளையம் தொங்குகிறது; தெரிந்த தூரத்தில் இருக்கும் அந்தக் கம்பியைப் பார்த்துச் சென்சார் தன்னைத் திருத்திக்கொள்கிறது. "எங்கேயோ இடிச்சு வளைஞ்சிருந்துச்சு, கழட்டிப் போட்டுட்டோம்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்ப மாட்டுங்கள், நேராக. பலத்த காற்றில் சென்சாரை நூலுக்கு அருகே இறக்குங்கள்.

ஜிபிஎஸ்: எல்லாமே ஒரே நேரத்தில் தாவிவிட்டது

இங்கே மூன்றாவது கேள்விதான் சாவி. சைட்டில் ஓடும் எல்லா மெஷினும், கையில் இருக்கும் ரோவரும் (தூக்கிச் செல்லும் ஜிபிஎஸ் கருவி), ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ விட்டால் மெஷினில் தேடுவது வீண். எல்லாவற்றுக்கும் திருத்தத் தகவல் அனுப்பும், இடம் மாறாத ஜிபிஎஸ் கருவியான பேஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். யாரோ ஸ்டாண்டைத் தட்டியிருப்பார்கள். அல்லது பேட்டரி மாற்றிவிட்டுத் திரும்பப் போட்டபோது ஆண்டெனா உயரத்தைத் தப்பாகக் கொடுத்திருப்பார்கள்; சாய்வாக அளந்ததை நேர் உயரம் என்று போடுவது வழக்கமான தப்பு. பேஸுக்கு மாறாத ஒரு கான்கிரீட் தூணும் உயரம் தெரிந்த ஒரு பென்ச் மார்க்கும் இருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும். தினமும் வேலைக்கு முன் ரோவரை அந்தப் புள்ளியில் வைத்துப் பாருங்கள். அடுத்து மெஷினின் ஒரு முனையையும் அதே புள்ளியில் இறக்கிப் பாருங்கள். ரோவர் சரி, மெஷின் தப்பு என்றால் மாஸ்ட், எட்ஜ், அளவுகள். இரண்டும் தப்பு என்றால் பேஸ்.

ஒரு மெஷின் மட்டும் தாவினால் ஸ்க்ரீனில் ஃபிக்ஸ் (துல்லியமான கணக்கு) நிற்கிறதா, ஃப்ளோட் (தோராயமான கணக்கு) ஆகிறதா என்று கவனியுங்கள். ஃப்ளோட்டில் இருக்கும்போது உயரத்தை நம்பவே கூடாது. ஃபிக்ஸிலும் கூட, ஜிபிஎஸ்ஸில் உயரப் பிழை கிடைமட்டப் பிழையைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும். பேஸின் திருத்தத்தோடு ஓடும் ஆர்டிகே ஜிபிஎஸ்ஸின் உயரம் 2, 3 செ.மீ. ஊசலாடுவது அதன் இயல்பு. 5 மி.மீ.க்குள் முடிக்க வேண்டிய மேல்தளத்தை வெறும் ஜிபிஎஸ்ஸில் முடிக்க முயன்றுவிட்டு அதைக் கோளாறு என்று சொல்வது நியாயமில்லை. அங்கே லேசரோ டோட்டல் ஸ்டேஷனோ வேண்டும். பேஸ் தூரமாகப் போனாலும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம் பிழை கூடும்.

திருத்தத் தகவல் வந்து எத்தனை விநாடி ஆகிறது என்ற எண்ணையும் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ரேடியோ எட்டவில்லை: ஆண்டெனா உயரம், நடுவே மண் குவியல், தளர்ந்த கனெக்டர். மரத்துக்கும் உயர்ந்த சுவருக்கும் பக்கத்தில் மட்டும் கெடுவது சிக்னல் பட்டுத் தெறித்து வருவதால். புவிகாந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் அயனிமண்டலம் கொந்தளிக்கும். சூரியப் புள்ளிகள் அதிகமாக உள்ள ஆண்டுகளில் இன்னும் மோசம். ராத்திரி ஷிப்டில் ஏழரை மணிக்கு மேல் எல்லா மெஷினும் ஃபிக்ஸை இழந்து, நள்ளிரவில் தானாகத் தெளிந்தால், எதையும் கழற்றாமல் காத்திருப்பதுதான் வைத்தியம்.

குறிப்பிட்ட இடம் வந்ததும் பிளேடு பாய்கிறது

ஒவ்வொரு நடையிலும் அதே இடம், அதே அளவு என்றால் டிசைன். முப்பரிமாணத் தளம் முக்கோணங்களால் ஆனது. ஒரு புள்ளியின் உயரம் தப்பாகத் தட்டச்சாகியிருந்தாலும், சாலை விளிம்புக் கோட்டைத் தாண்டி ஒரு முக்கோணம் குறுக்கே இழுத்திருந்தாலும், பிளேடு அதை அச்சுப் பிசகாமல் வெட்டித்தரும். கோப்பைத் திறந்து அந்த இடத்தைச் சுற்றி முக்கோணங்களைக் கண்ணால் பாருங்கள். பழைய பதிப்புக் கோப்பு ஒரு மெஷினில் மட்டும் தங்கியிருப்பதும் உண்டு.

ஏறுகிறது, இறங்கவில்லை, அல்லது அசையவே இல்லை

மேனுவலில் இரண்டு பக்கமும் ஓடி, ஆட்டோவில் ஒரு பக்கம் மட்டும் ஓடினால் வால்வைத் திறக்கும் சோலனாய்டு காயில் (மின்காந்தச் சுருள்), அதற்குப் போகும் வயர், அல்லது வால்வுக்குள் நகரும் ஸ்பூலில் சிக்கிய தூசி. மெஷினை அணைத்து, பிளேடைத் தரையில் வைத்து, ஏற்ற இறக்கக் காயில்களின் மின்தடையை மல்டிமீட்டரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே வகைக் காயில் என்றால் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் இரண்டு கனெக்டரையும் மாற்றிச் செருகி, ஆள் யாரும் அருகில் இல்லாமல், கொஞ்சமாக உத்தரவு கொடுத்துப் பாருங்கள். கோளாறு காயிலோடு தங்கினால் காயில் அல்லது ஸ்பூல்; வயரோடு நகர்ந்தால் வயர் அல்லது கன்ட்ரோலர். பார்த்து முடித்ததும் கனெக்டர்களைப் பழையபடி மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டு ஆட்டோ போட்டால் பிளேடு உயர வேண்டிய நேரத்தில் புதைந்துவிடும்.

சென்சார்கள் கூட்டமாகக் காணாமல் போனால், அவை கன்ட்ரோலரோடு பேசும் பொது வயர் ஜோடியான கேன் லைன். பவரை முழுக்க அணைத்துவிட்டு இரண்டு கேன் வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும், ஏனென்றால் இரு கோடியிலும் 120 ஓம் தடை இருக்கிறது. 120 வந்தால் ஒரு கோடி துண்டாகியிருக்கிறது. 40 வந்தால் யாரோ கூடுதலாக ஒரு தடையைச் செருகியிருக்கிறார்கள்.

எப்போதாவது வருகிறது, போகிறது

எனக்குப் பிடிக்காத வகை. ஒரு கிரேடரில் சிக்னல் போவது இடது திருப்பத்தில் மட்டும். வலது பக்கம் எத்தனை முறை திரும்பினாலும் ஒன்றும் ஆகாது. மாஸ்ட் அடியில் சுருள் கேபிள் கனெக்டருக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்து, உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. பிளேடு இடது பக்கம் சாயும்போது மட்டும் அது விலகும், நேரானதும் ஒட்டிக்கொள்ளும். கேபிளை மாற்றும் வரை இரண்டு நாளாக ஜிபிஎஸ் ரிசீவரைத்தான் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட கேஸில் ஒருவர் ஸ்க்ரீனைப் பார்க்க, இன்னொருவர் இன்ஜின் நின்ற நிலையில், ஆட்டோ அணைந்த நிலையில், ஒவ்வொரு கனெக்டரையும் மெல்ல அசைத்து வர வேண்டும். மாஸ்ட் அடி, பிளேடு மூட்டைத் தாண்டும் இடம், கேபின் தரைக்குள் நுழையும் துளை என்ற வரிசையில் போங்கள். வளைந்து நிமிரும் இடங்களில்தான் கம்பி சாகும். கழற்றிய கனெக்டரைத் தண்ணீர் போகாத பிளக்கால் மூடாமல் விட்டால் அடுத்த மழைக்கு அதே போன் மறுபடி வரும்.

எதைச் சரிசெய்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றும் முன் இருந்த எண்ணைக் கேபினில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், ஆயில் சூடு, எட்ஜின் உயரம் இரண்டு முனையிலும், வால்வின் ஏற்ற எண், இறக்க எண், கெயின். அடுத்த தடவை வருபவர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.